நர்சரியிலிருந்து திருடுபோன குழந்தைகளின் விவரங்கள்: பெற்றோரின் சட்டக் கேள்விகளுக்குப் பதில்கள்

2025 செப்டம்பர் இறுதியில், லண்டனில் நர்சரிகளை நடத்தும் கிடோ குழுமத்திலிருந்து ஏறத்தாழ 8,000 குழந்தைகளின் பெயர், படம், முகவரி ஆகியவற்றைத் திருடிவிட்டதாக ஒரு ஹேக்கர் கும்பல் அறிவித்தது. பணம் கேட்டு மிரட்டியது. முதலில் பத்துக் குழந்தைகளின் விவரங்களையும், பிறகு மேலும் பத்துப் பேரின் விவரங்களையும் இணையத்தில் போட்டது. எதிர்ப்பு வலுத்தபின் எல்லாவற்றையும் நீக்கி, அழித்துவிட்டதாகச் சொன்னது. அக்டோபர் 7 அன்று இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு நகரில் 17 வயதுடைய இருவர் சந்தேகத்தின்பேரில் கைது செய்யப்பட்டார்கள்.

அந்தச் செய்தி வந்தது முதல் பிள்ளைகளை நர்சரிக்கு அனுப்பும் நம் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இத்துறை வழக்குகளைப் பார்க்கும் சொலிசிட்டராக, அதாவது வழக்கறிஞராக, என்னால் முடிந்த பதில்களை இங்கே தருகிறேன். இவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். கேட்டவர்களின் நர்சரிப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

ஹாரோவிலிருந்து ஒரு தாய்: எங்கள் நர்சரியிலும் ஊடுருவல் நடந்ததாக மின்னஞ்சல் வந்தது. "சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம்" என்று மட்டும் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும், அக்கா?

வழக்கைப் பிறகு பார்க்கலாம் அம்மா. முதலில் என்ன போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். தனிநபர் தரவைக் காக்கும் யுகே ஜிடிபிஆர் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உங்களைப் பற்றியும் உங்கள் பிள்ளையைப் பற்றியும் நர்சரி வைத்திருக்கும் அத்தனையையும் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. கட்டணம் இல்லை. ஒரு மின்னஞ்சல் போதும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம்.

படிவத்தில் எழுதிய முகவரியோடு நின்றுவிடாதீர்கள். நர்சரியில் எத்தனை வகைப் பதிவுகள் இருக்கின்றன என்று பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. விழுந்து அடிபட்ட குறிப்பு, ஒவ்வாமை, மருந்து, யார் வந்து அழைத்துப்போகலாம் என்ற பட்டியல், குழந்தையின் பாதுகாப்பு குறித்து ஊழியர் எழுதிவைத்த கவலைகள், தினமும் செயலியில் ஏற்றிய படங்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். உடல்நலத் தகவலுக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. அது கசிந்திருந்தால் உங்கள் கோரிக்கையின் எடையே வேறு.

அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: எவ்வளவு காலப் பதிவுகள் அங்கே இருந்தன? பள்ளிக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பிள்ளையின் குளியல்தொட்டிப் படமும் தூக்கப் படமும் ஏன் இன்னும் அங்கே இருக்க வேண்டும்? தேவைக்கு மேல் சேர்க்காதே, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது. கடவுச்சொல் வலுவாக இருந்ததா என்று நிபுணர்கள் மாதக்கணக்கில் வாதாடலாம். வைத்திருக்கவே கூடாத படத்தை வைத்திருந்ததற்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது.

ஒரு எச்சரிக்கை: திருடப்பட்டவற்றை நீங்களே இணையத்தின் இருட்டு மூலைகளில் தேடிப் போகாதீர்கள். அங்கே மற்றவர் பிள்ளைகளின் படங்களும் இருக்கும்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு தந்தை: "வெற்றி இல்லையேல் கட்டணம் இல்லை" என்று ஒரு நிறுவனம் தொலைபேசியில் அழைத்தது. ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும், இந்த வாரமே கையெழுத்திட வேண்டும் என்கிறார்கள். காலக்கெடு முடிந்துவிடுமா?

முடியாது. இந்த அவசரமே உங்களை எச்சரிக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பொதுவாக ஆறு ஆண்டுகள் அவகாசம். பிள்ளைக்கோ 1980-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி 18 வயது வரை கடிகாரமே ஓடத் தொடங்குவதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் உரிமை இந்த வாரம் எங்கும் போய்விடாது.

பழைய கதை ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இத்தகைய நிறுவனங்கள் எல்லாக் கசிவு வழக்கிலும் "அந்தரங்கத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியது" என்ற குற்றச்சாட்டையும் சேர்த்துவிடும். அப்படிச் சேர்த்தால், தோற்கும் ஆபத்துக்காக எடுக்கும் காப்பீட்டின் பிரீமியத்தை எதிர்த்தரப்பிடம் வசூலிக்கலாம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மட்டும் நம்பினால் வசூலிக்க முடியாது. 2021-இல், டிஎஸ்ஜி என்ற மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனத்துக்கு எதிராக வாரன் என்பவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது: வெளியாள் புகுந்து திருடினான் என்றால், நிறுவனமே தகவலைத் "தவறாகப் பயன்படுத்தியது" ஆகாது. எஞ்சியது தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான். ஆகவே பிரீமியத்தை யார் கட்டுவது, உங்கள் தொகையில் எவ்வளவு பிடிப்பார்கள், நடுவில் நீங்கள் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

க்ராய்டனிலிருந்து: எவ்வளவு கிடைக்கும்?

பெரும்பாலான குடும்பங்களுக்குச் சிறிய தொகை. கீழே விரிவாக வருகிறது.

வெம்ப்ளியிலிருந்து ஒரு தாய்: மகளின் படம் வெளியாகவில்லை, திருடப்பட்ட தொகுப்பில் இருந்தது அவ்வளவுதான். பண இழப்பும் இல்லை. ஆனால் தூக்கமே இல்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. பண இழப்பு இல்லாத பாதிப்புக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று ஜிடிபிஆரின் 82-ஆவது பிரிவு சொல்கிறது. மன உளைச்சலும் அதில் அடங்கும் என்று 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 168-ஆவது பிரிவு தெளிவாக்குகிறது.

2025 ஆகஸ்டில் வந்த ஃபார்லி தீர்ப்பு உங்களுக்கு உதவும். சசெக்ஸ் காவல்துறையினரின் ஓய்வூதிய அறிக்கைகள் பழைய முகவரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. யாராவது பிரித்துப் படித்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பாதிப்பு இவ்வளவு கடுமையாக இருந்தால்தான் வழக்கு என்ற எல்லையும் இல்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆனால் அச்சத்துக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும். எங்கேயோ ஏதோ நடக்கலாம் என்ற கற்பனைப் பயத்துக்கு இழப்பீடு இல்லை. உங்கள் நிலையில் திருடியவர்கள் மிரட்டியிருக்கிறார்கள், சில பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார்கள், வேறு பிள்ளைகளின் படங்களை வெளியிட்டிருக்கிறார்கள். இதைக் கற்பனை என்று எந்த நீதிபதியும் சொல்வார் என நான் நினைக்கவில்லை.

இன்று முதல் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: தூங்காத இரவு, மருத்துவரைப் பார்த்த நாள், வந்த அழைப்பு. ஓராண்டு கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டு பேசும்.

ஒரு மென்பொருள் பொறியாளர், குறுக்கிட்டு: மன்னிக்க வேண்டும். நர்சரியும் பாதிக்கப்பட்ட தரப்புத்தானே? வீட்டில் திருட்டுப் போனால் வீட்டுக்காரர் மீதா வழக்கு? எல்லோரும் வழக்குப் போட்டால் கட்டணம் ஏறும், சின்ன நர்சரிகள் மூடும். படங்களையும் நீக்கிவிட்டார்களே.

மதித்தே பதில் சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் பலர் மனத்தில் இதுதான் இருக்கிறது. வீட்டு உவமை இங்கே பொருந்தாது. நர்சரி தன் நகையைப் பறிகொடுக்கவில்லை; நாம் கொடுத்துவைத்த நகையைப் பறிகொடுத்திருக்கிறது. அடகுக் கடைக்காரர் பெட்டகத்தைப் பூட்டினாரா என்று கேட்பது அவரைத் திருடன் என்று சொல்வதாகாது. சட்டமும் கண்ணை மூடிக்கொண்டு தண்டிப்பதில்லை. தன்மீது எந்த வகையிலும் பொறுப்பு இல்லை என்று நிரூபித்தால் நர்சரி தப்பலாம் என்று 82-ஆவது பிரிவே சொல்கிறது. அதை நிரூபிக்கும் சுமை அவர்களுடையது.

அதே பொறியாளர்: அப்படியானால் செயலியை எழுதிய நிறுவனம்? பதிவுகள் இருந்தது அவர்களிடம்தானே?

நல்ல கேள்வி. செயலி நிறுவனம் சட்டத்தின் பார்வையில் "செயலாக்குநர்", அதாவது நர்சரிக்காகத் தரவைக் கையாள்பவர். அதற்கென்று சட்டம் விதித்த கடமையை மீறியிருந்தாலோ, நர்சரியின் அறிவுறுத்தலுக்கு மாறாக நடந்திருந்தாலோதான் அதன்மீது பொறுப்பு வரும். கிடோ விவகாரத்தில், தங்கள் கட்டமைப்பில் ஊடுருவல் இல்லை என்று ஃபேம்லி செயலி நிறுவனம் கூறியது. பூட்டு உடைபடாமல், சாவி வைத்திருந்தவர் வழியாகத் திருடன் நுழைந்தானா என்பது அந்தந்த வழக்கில் தேட வேண்டிய உண்மை. செயலாக்குநர் தப்பியே விடுவார் என்றும் எண்ணாதீர்கள்: 2025 மார்ச்சில் அட்வான்ஸ்டு என்ற மென்பொருள் நிறுவனத்துக்குத் தகவல் ஆணையர் அலுவலகமான ஐசிஓ 30.7 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. இருவருமே பொறுப்பு என்றானால், முழுத் தொகையையும் எவரிடமும் கேட்கலாம்.

இன்னொருவர், பொறியாளருக்கு ஆதரவாக: அழித்துவிட்டோம் என்று ஹேக்கர்களே சொன்னபின் பாதிப்பு எங்கே இருக்கிறது?

மிரட்டியவன் வாக்கை நம்பி என் பிள்ளையின் முகவரி பத்திரம் என்று நான் படுத்துத் தூங்க வேண்டுமா? பிரதி எடுக்க ஒரு நொடி போதும். வங்கி அட்டையைத் தொலைத்தால் புது அட்டை வாங்கலாம். பிள்ளைக்குப் புதிய பிறந்தநாளும் புதிய முகமும் யார் தருவார்கள்? இந்த விவாதத்தை இங்கே நிறுத்துகிறேன். காத்திருப்பவர்கள் பலர்.

இல்ஃபோர்டிலிருந்து: ஐசிஓவிடம் புகார் செய்தால் இழப்பீடு வருமா?

வராது. அது விசாரிக்கும், கண்டிக்கும், அபராதம் விதிக்கும். அபராதம் உங்கள் கைக்கு வராது. இருந்தாலும் முதலில் நர்சரிக்கு எழுத்தில் முறையிட்டுவிட்டு ஐசிஓவுக்கும் எழுதுங்கள். அவர்களின் முடிவு பிறகு நல்ல சான்றாகும்.

சௌத்ஹாலிலிருந்து: ஆப்ஸ்டெடிடம்?

பராமரிப்பில் குறை என்றால், இங்கிலாந்தில் நர்சரிகளை ஆய்வு செய்யும் அமைப்பான ஆப்ஸ்டெட். தரவு என்றால் ஐசிஓ.

டூட்டிங்கிலிருந்து: நாங்கள் ஐம்பது பெற்றோர். ஒரே வழக்கில் எல்லோரையும் தானாகச் சேர்த்துவிட முடியுமா? எவ்வளவு கிடைக்கும்?

தானாக முடியாது. 2021-இல் லாய்டு எதிர் கூகுள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முயற்சியை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த பாதிப்பைக் காட்டியாக வேண்டும் என்றது. பழைய 1998 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புத்தான், ஆனாலும் அதன் நிழல் நீளம். ஐம்பது பேரும் பெயர் கொடுத்து ஒரே சொலிசிட்டரிடம் போகலாம், செலவு குறையும்.

தொகைக்கு ஒரு பிடிமானம் சொல்கிறேன். 2013-இல் உள்துறை அமைச்சகம் புகலிடம் கோரிய குடும்பங்களின் விவரங்களைத் தவறுதலாக இணையத்தில் ஏற்றியது. 2016-இல் ஆறு பேருக்கு 2,500 முதல் 12,500 பவுண்டு வரை தீர்ப்பானது. அவர்களின் அச்சம் உயிரச்சம். வெறும் மின்னஞ்சல் முகவரி கசிந்தவர் அந்தத் தொகையை எதிர்பார்க்கக் கூடாது.

ஈலிங்கிலிருந்து ஒரு தந்தை: நர்சரியே 500 பவுண்டு தருகிறேன், கையெழுத்திடுங்கள் என்கிறது.

உங்களுக்கான தொகையை நீங்கள் ஏற்கலாம். பிள்ளைக்கான சமரசம் நீதிமன்ற ஒப்புதல் இல்லாமல் சட்டப்படி செல்லாது. குழந்தைக்காக வழக்கில் நிற்பவர் "வழக்குத் துணைவர்". பெரும்பாலும் தாயோ தந்தையோ. நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை மட்டுமே. "எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற வரி தாளில் இருந்தால் ஒரு சொலிசிட்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். திரும்பச் சொல்கிறேன், பிள்ளைக்குக் காலக்கெடு ஓடவில்லை.

லூட்டனிலிருந்து: காலக்கெடு எப்போது முடியும்?

இரண்டு முறை சொல்லிவிட்டேன். தயவுசெய்து மேலே படியுங்கள்.

சென்னையிலிருந்து: இங்கே நடந்தால்?

என் துறை அல்ல. உள்ளூர் வழக்கறிஞரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வழி செய்கிறது, அது அரசுக்குப் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் பிரிவு அதில் இல்லை.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று ஒரு தாய்: முன்னாள் கணவருக்கு எங்கள் முகவரி தெரியக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. நர்சரியின் பதிவில் புது முகவரி இருந்தது. அது போய்விட்டதா என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை.

உங்களுக்கு ஒரு மாதக் கணக்கெல்லாம் இல்லை. இன்றே காவல்துறையின் அவசரமல்லாத எண்ணான 101-ஐ அழைத்து, உத்தரவின் விவரத்தையும் கசிவையும் சொல்லிப் பதிவு எண் வாங்குங்கள். வாசலில் யாராவது வந்தால் அவசர எண் 999. உத்தரவு பெற்றுத் தந்த குடும்பநல சொலிசிட்டருக்கு இன்றே எழுதுங்கள். நர்சரிக்கு ஒரே வரி மின்னஞ்சல் போதும்: "எங்கள் முகவரி நீதிமன்ற உத்தரவால் காக்கப்பட்டது, அது திருடப்பட்டதா என்று இன்றே சொல்லுங்கள்." ஆபத்து அதிகம் என்றால் தாமதமின்றிப் பாதிக்கப்பட்டவரிடம் சொல்ல வேண்டும் என்பது 34-ஆவது பிரிவு, உங்களைவிட அதிக ஆபத்தில் இருப்பவர் யார்? பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்ற பட்டியலையும் ரகசியச் சொல்லையும் இன்றே மாற்றச் சொல்லுங்கள். வீடு மாற நேர்ந்தால் வாகனக் கூலி முதல் பூட்டு வரை ரசீதுகளை வைத்திருங்கள். அது பண இழப்பு, தனியாகக் கேட்கலாம். காவல்துறை கொடுத்த எண்ணை எனக்கு அனுப்புங்கள் அம்மா. நர்சரிக்கான கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.