3 லட்சத்துக்குக் குத்துவாள்: வாங்கலாமா?

கேள்வி: வயது 61. கோத்தகிரி தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குன்னூரில் பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்ததாம், விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்து படை அதிகாரியின் அலங்காரக் குத்துவாள். 3 லட்சம் கேட்கிறார்கள். ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகுமாம். கிராஜுவிட்டி பணத்தில் வாங்கலாமா?

பதில்: முதலீடு என்று நினைத்தால் வேண்டாம்.

லண்டன் ஏல விலையைக் காட்டித்தான் ஆசை மூட்டியிருப்பார்கள். ஆனால் 100 வருடம் தாண்டிய பழம்பொருளை, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனிநபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வாள் விக்டோரியா காலத்தது என்பது உண்மையானால், லண்டன் விலை உங்களுக்கு எட்டாது. உண்மை இல்லை என்றால் 3 லட்சமே அதிகம்!

உள்ளூரில் விற்கலாமே என்பீர்கள். வாங்கும் வியாபாரி தன் லாபத்துக்குச் சந்தை விலையில் 40 சதவீதம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட 3 லட்சம் திரும்பி வரவே சந்தை விலை 5 லட்சம் ஆகியிருக்க வேண்டும். அதாவது ஐந்து வருடமும் ஆண்டுக்கு 10.8 சதவீத ஏற்றம். கைக்கு 6 லட்சம் வர வேண்டுமானால் சந்தை விலை 10 லட்சம் ஆக வேண்டும், அதாவது ஆண்டுக்கு 27 சதவீதம். அதற்கு மேல் லாபத்துக்கு வரி வேறு. இதே 3 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும். உங்கள் வயதில் இந்த வருமானம்தான் முக்கியம்.

இல்லை, அந்த வாள் மேல் மனசு போய்விட்டது என்றால், சரி, அது வேறு விஷயம். தொலைந்தாலும் வீட்டுச் செலவு தடுமாறாத பணத்தில் மட்டும் வாங்குங்கள். இந்த வகை வாளின் உறையில் சின்னக் கத்தியும் முள்கரண்டியும் சேர்ந்தே இருக்கும். பிடிகளின் உச்சியில் பெரும்பாலும் மஞ்சள் கல் பதித்திருக்கும். ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துப் பேசுங்கள். நகல்கள் நிறைய உண்டு; விற்பவரைச் சேராத ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ஆயுத உரிமம் தேவையா என்று காவல் நிலையத்திலும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், குன்னூர் ஈரத்தில் தோல் உறைக்குள்ளேயே அலகை விட்டுவைத்தால் துரு பிடிக்கும். தனியாக எடுத்து வையுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தால் விலை இன்னும் இறங்கும்.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அபராதம் விற்பவருக்குத்தான். ரொக்கம்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.