ரோஜா இதழ் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால்…

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ரோஜாப்பூ வடிவ சிலிகான் அச்சு ஆன்லைனில் வாங்கி வீட்டில் சோப்பு செய்கிறேன். 200 கிராம் தேங்காய் எண்ணெய், 300 கிராம் சமையல் எண்ணெய், 75 கிராம் காஸ்டிக் சோடா, ஒரு கிளாஸ் தண்ணீர். மூன்று நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. எடுக்கும்போது இதழெல்லாம் அச்சிலேயே நின்றுவிடுகிறது. அச்சு மட்டமா? தீபாவளிக்குப் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் கே.கே.எம். நம்பர் இல்லாமல் விற்கக்கூடாது, 800 வெள்ளி கொடுத்தால் இரண்டு நாளில் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜெண்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளிடம் அப்புறம் வருகிறேன், முதலில் சோப்பைப் பார்ப்போம்.

அச்சின் மேல் பழி போட வேண்டாம். எண்ணெயும் காஸ்டிக்கும் உங்களுக்குச் சரியாகவே இருக்கின்றன. இந்த அளவில் போட்டால் எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு சோப்பாகாமல் மிஞ்சும். தோல் வறளாமல் இருக்க அது வேண்டும். தவறு நடந்தது அந்த 'ஒரு கிளாஸ்' தண்ணீரில். நம் வீட்டு கிளாஸ் 250 மில்லி பிடிக்கும். உங்களுக்குத் தேவை 150 கிராம், அதாவது காஸ்டிக்கைப் போல் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். மிச்சம் 100 கிராம் எங்கே போகும்? சிலிகான் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. மேலே திறந்த முகம் காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் இதழ் இருக்கும் பக்கம் ஈரத்திலேயே கிடக்கும். நீங்கள் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடிப்பக்கத்தைப் பிடுங்குகிறீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர்ச் சமையல் எண்ணெய் பாமாயிலின் இளகிய பகுதி, ஓலின். கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்பில் 'பாமாயில்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பிரிக்காத முழு எண்ணெய். காஸ்டிக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் உங்கள் சோப்பு இறுக ஒன்றிரண்டு நாள் கூடப் பிடிக்கும். தண்ணீரில் காஸ்டிக் போடும் முன் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் இறுகும். எண்ணெய் அளவை மாற்றினால் 75 கிராமும் மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நூறு கிராம் தேங்காய் எண்ணெய், நானூறு கிராம் சமையல் எண்ணெய் என்று போட்டால் 71 கிராம் போதும். எல்லாவற்றையும் தராசில் நிறுங்கள், தண்ணீரையும் சேர்த்து.

சமையல் எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. 2 வெள்ளி 50 காசு பாக்கெட் எண்ணெயை விற்பனைச் சோப்புக்குத் தொடாதீர்கள். அது வீட்டுச் சமையலுக்காக அரசாங்கம் மானியம் கொடுக்கும் எண்ணெய்.

தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் பினாங்கு காற்றில் காஸ்டிக் ஈரம் குடித்துக் கட்டி தட்டிவிடும், அப்புறம் நிறுத்த அளவே பொய்யாகிவிடும்.

ஊற்றிய பிறகு மூன்று நாள் தொடாதீர்கள். நான்காம் நாள் அச்சோடு ஃப்ரீஸரில் மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் ஓரங்களை மெதுவாகப் பிரித்து, அடியில் பூவின் நடுவைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். இதழ் மடிப்பு முழுசாக வரும். வெளியே வந்த சோப்பின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். துடைத்தால் விரல் தடம் பதியும், அதனால் கம்பித் தட்டில் வைத்து காற்றாடிக் காற்றில் விட்டுவிடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும்.

இந்த ஃப்ரீஸர் வைத்தியம் ஒரே ஒரு வகைச் சோப்புக்கு மட்டும் ஆகாது. அதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் விழுகிறார்கள். கண்ணாடி மாதிரிக் கட்டியாக வாங்கி, உருக்கி, வாசனை சேர்த்து ஊற்றுகிறோமே, அந்தச் சோப்பு. அதில் காஸ்டிக் வேலையை ஏற்கெனவே தொழிற்சாலையில் முடித்துவிடுகிறார்கள். கிளிசரின் தூக்கலாக இருப்பதால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் வியர்க்கும், துடைத்தால் மறுபடி வியர்க்கும். உருகுகிறது என்று நினைத்து திரும்பவும் ஃப்ரீஸருக்குள் தள்ளுவார்கள், இன்னும் வியர்க்கும். அதை அறைச் சூட்டிலேயே சில மணி நேரம் விட்டு எடுத்து, உடனே பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிட வேண்டும். ஆறு வாரக் காத்திருப்பும் அதற்குக் கிடையாது. உங்களுடையது எது என்று குழப்பம் வந்தால், கடையில் காஸ்டிக் வாங்கினீர்களா என்று யோசியுங்கள். வாங்கியிருந்தால் ஃப்ரீஸர், வாங்காவிட்டால் பிளாஸ்டிக் தாள். 'காஸ்டிக்கே சேராத இயற்கை சோப்பு' என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் கூவி விற்பதும் பல நேரம் இந்தக் கட்டிதான். காஸ்டிக் படாமல் எந்த எண்ணெயும் சோப்பாவதில்லை.

அச்சு வாங்கும்போது ஒரு மூலையை முறுக்கிப் பாருங்கள். முறுக்கிய இடம் வெளுத்தால் கலப்படம் இருக்கலாம், வேறு அச்சு எடுங்கள். சோப்பு அச்சு சோப்புக்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்கு அகார்-அகார் லாவண்டர் மணத்தோடு மேசைக்கு வந்தது. என் அக்காவிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேச முடியாது.

இப்போது அந்த 800 வெள்ளிக்காரர். குளியல் சோப்பு இங்கே அழகுசாதனக் கணக்கில் வருகிறது. 1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விற்கும் முன் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ-விடம் அறிவிப்பு செய்ய வேண்டும். அறிவிப்பு வேறு, அங்கீகாரம் வேறு. 'கே.கே.எம். லூலூஸ்', அதாவது அமைச்சு அங்கீகரித்தது, என்று யாராவது சொன்னால் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். நம்பர் 'என்.ஓ.டி.' (NOT) என்று தொடங்கி 'கே' (K) என்று முடியும், அது ஒரு நிறுவனத்தின் ஒரு பொருளுக்கு மட்டும் உரியது. இரண்டு நாளில் உங்கள் கைக்கு வரும் நம்பர் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சோப்பின் நம்பராக இருக்கும். என்பிஆர்ஏ இணையதளத்தில் தட்டிப் பார்த்தால் பெயர் வந்துவிடும். உங்கள் வாடிக்கையாளரும் தட்டிப் பார்க்கலாம். அன்றைக்கு ஏஜெண்டின் போன் மூடியிருக்கும், மாட்டிக்கொள்வது நீங்கள்.

நேர்வழி இருக்கிறது, ஆனால் அது சுலபமில்லை. பதிவு செய்த நிறுவனம் வேண்டும், மூலப்பொருள் விவரம் வேண்டும், தயாரிப்பு இடம் சுத்த நெறிமுறைப்படி இருக்க வேண்டும். பத்துக் கட்டி ஊற்றும் வீட்டுக்காரிக்கும் பத்தாயிரம் கட்டி தள்ளும் ஆலைக்கும் ஒரே விதி. எனக்கு இதில் வருத்தம் உண்டு, பல வருடமாகச் சொல்லியும் வருகிறேன். சிறியவர்களுக்கென்று ஒரு படி வைத்திருந்தால் ஏஜெண்டுக்கு இங்கே வேலையே இருக்காது. வியாபாரமாகவே செய்ய விருப்பம் என்றால், அனுமதியுள்ள தயாரிப்பாளரிடம் உங்கள் கலவையைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நம்பர் யார் பெயரில் வரும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தீபாவளிக்கு அந்தப் பத்துப் பேருக்கும் காசு வாங்காமல் முறுக்கோடு ஒன்றிரண்டு கட்டி கொடுங்கள். எட்டு வாரத்துக்கு முன்பே ஊற்றி முடித்துவிட வேண்டும். இப்போது அச்சில் நிற்பதை வீசிவிடாதீர்கள், இன்று இரவே ஃப்ரீஸரில் வைத்து நாளைக் காலை தள்ளி எடுங்கள். தண்ணீர் அதிகம் போனதால் அவை கொஞ்சம் சுருங்கும், ஆறு வாரத்துக்கு மேலேயும் காய வேண்டியிருக்கும். இதழ் உடைந்தவற்றைக் காய்ந்த பின் துருவி டப்பாவில் போட்டு வைத்தால் துணி துவைக்க ஆகும்.