அலுமினிய உடல் கார் அடிபட்டால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னால் சென்ற லாரி திடீரென நின்றதால், என் கார் அதன் பின்புறத்தில் இடித்துவிட்டது. பானெட்டும் இடதுபக்க ஃபெண்டரும் நசுங்கின. ஹெட்லைட்டுக்குப் பின்னால் நீளமாகச் செல்லும் உள்சட்டமும் சற்று வளைந்துள்ளது. காரின் உடல் முழுவதும் அலுமினியம். தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் அந்தச் சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். எங்கள் பகுதியில் நெடுங்காலமாகத் தொழில் செய்யும் டிங்கர், அதைச் சூடாக்கி இழுத்து நேராக்கி, மூன்றில் ஒரு பங்கு செலவில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயரும் மாற்றத் தேவையில்லை, பழுதுபார்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: பானெட், ஃபெண்டர் விஷயத்தில் நீங்கள் பேரம் பேசலாம், உள்சட்டத்தின் விஷயத்தில் பேசவே கூடாது. மோதலின் விசையை வாங்கி, கணக்கிட்ட முறையில் மடிந்து, அந்த விசை உள்ளே இருப்பவர்களை எட்டாமல் தடுப்பது அந்தச் சட்டத்தின் வேலை. ஒருமுறை வளைந்த அலுமினியம் வளைந்த இடத்தில் இறுகிவிடுகிறது. அதைத் திரும்ப இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழக்கூடும். வெளித்தோற்றத்தில் நேராகிவிட்ட அந்தச் சட்டம் அடுத்த மோதலில் எங்கே மடியும், எங்கே பிளக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

உங்கள் டிங்கரின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திறன் இரும்பில் பழகியது. சூடேற்றினால் இரும்பு சிவந்து, போதும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அலுமினியமோ நிறம் மாறாமலேயே இருந்து, ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகி விழுந்துவிடும். அது உருகுவதற்கு வெகு முன்பே இன்னொரு கேடு நிகழ்கிறது: இத்தகைய கார்களில் பயன்படும் உலோகக் கலவைகள் பலவும் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றவை என்பதால், கேஸ் டார்ச்சின் சூடு பட்ட இடத்தில் அந்த வலிமை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. வெல்டிங்கும் எளிதல்ல. உலோகத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். அதைச் சுத்தமாக நீக்காமல் வைக்கும் வெல்டிங், பார்வைக்கு அழகாக இருந்தாலும் உள்ளே பிடிப்பில்லாமல் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலுமினிய உடல் என்று பொதுவாகச் சொன்னாலும், எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அதைக் கட்டுவதில்லை. 1994-இல் வந்த ஆடி ஏ8 காரின் உடல், வார்ப்புகளையும் நீள்குழல்களையும் இணைத்த சட்டக்கூடாக அமைந்தது. 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே கார், தகடுகளை ரிவெட்டாலும் உறுதியான பசையாலும் இணைத்து, விமானத்தைக் கட்டுவதுபோலக் கட்டப்பட்டது. ஆகவே எந்த இடத்தில் வெட்டலாம், எந்த ரிவெட்டைப் போடலாம், எந்தப் பசை, அது இறுக எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அந்தந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட பழுதுபார்ப்பு முறையில் மட்டுமே பார்க்க முடியும். அந்தப் பக்கங்களை உங்கள் எஸ்டிமேட்டுடன் இணைத்துத் தருமாறு பட்டறையிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் பட்டறை, அங்கீகாரம் பெற்றதாகவே இருந்தாலும், உங்கள் காரைத் தொடத் தகுதியற்றது என்பது என் கருத்து.

வேலை நடக்கும் இடத்தையும் நேரில் சென்று பாருங்கள். இரும்புக் காரைத் தேய்த்த தூள் அலுமினியத்தின் மேல் படிந்தால், ஈரம் சேரும்போது அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும். நம் கடற்கரைக் காற்றிலுள்ள உப்பு அதை விரைவுபடுத்தும். அலுமினியத் தூளோ தீப்பிடிக்கக்கூடியது. காற்றில் அடர்ந்து பரவினால் வெடிக்கவும் கூடும். இந்தக் காரணங்களால்தான் தடுப்பிட்ட தனி இடமும், இரும்பில் படாத தனிக் கருவிகளும், தூளை உறிஞ்சும் அமைப்பும் தேவைப்படுகின்றன. தனி அறை இருக்கிறது என்று காட்டிய இடத்தில் பழைய டயர்கள் அடுக்கப்பட்டிருந்தால், மேற்கொண்டு எதையும் கேட்காமல் திரும்பிவிடலாம்.

சர்வேயரைப் பொறுத்தவரை, சேதத்தை மதிப்பிடுவது அவருடைய பணி. எப்படிப் பழுதுபார்ப்பது என்பதைத் தயாரிப்பாளரின் முறைக்கு மாறாக அவர் தீர்மானிக்க இயலாது. முன்பு சொன்ன பக்கங்களை இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மறுமதிப்பீடு கோருங்கள். அவர்கள் மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

தேய்மானக் கழிவு, அதாவது பாகங்கள் பழையதானதற்காக இழப்பீட்டில் பிடிக்கும் தொகை, இல்லாத பாலிசியா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசி என்றால், கார் 4 ஆண்டுகளைக் கடந்து 5 ஆண்டுகளுக்குள் இருக்கும்போது, மாற்றப்படும் உலோகப் பாகங்களின் விலையில் 35 சதவீதத்தையும், அதற்கு மேல் 10 ஆண்டுகள் வரை 40 சதவீதத்தையும் பொதுவாக நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கார் முழுச் சேதம் அடைந்ததாகக் கருதப்பட்டுவிடும்.

கேள்வி: என் கார் சாதாரண நடுத்தர விலைக் கார்தான். பானெட்டில் தேங்காய் விழுந்து பள்ளமாகிவிட்டது. பானெட் மட்டும் அலுமினியம் என்கிறார்கள். அதற்கும் இவ்வளவு கெடுபிடியா?
– வாசகி, மாம்பலம்

பதில்: இல்லை. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம். பெயின்ட் வெடிக்காமலும், பள்ளம் மடிப்பு விளிம்பில் இல்லாமலும் இருந்தால், உள்ளிருந்து மெல்லத் தள்ளிப் பெயின்ட் அடிக்காமலேயே சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஆனால் இரும்பைப் போல அது பழைய வடிவத்துக்குத் தானாகத் திரும்ப முனையாது என்பதால், வேலை நேரமும் கூலியும் சற்றுக் கூடும். பட்டி வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு கிழிந்திருந்தால் பானெட்டையே மாற்றிவிடுங்கள். போல்ட்டில் நிற்கும் பாகம் என்பதால் நல்ல டிங்கர் யாரும் அதைச் செய்யலாம்.

கேள்வி: பழுதுபார்த்த காரை எடுக்கும்போது எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பழுதுக்கு முன்னும் பின்னும் உடற்கூட்டை அளந்த அறிக்கை, வீல் அலைன்மென்ட் அறிக்கை, மேல்தகடு மூடுவதற்கு முன் இணைப்புகளை எடுத்த புகைப்படங்கள், ரிவெட்டும் பசையும் தனித்தனியாகக் குறிக்கப்பட்ட பில் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். காரில் கேமரா, ரேடார் உணரிகள் இருந்தால், அவற்றை மறுபடி சீரமைத்ததற்கான சான்றும் வேண்டும். பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்ததும், பழுதுபார்த்த இணைப்புகளின் ஓரத்தில் பெயின்ட் குமிழ்விட்டிருக்கிறதா, வெள்ளைத் தூள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், மேலே இன்னொரு பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்லும் சமாதானத்தை ஏற்காமல், அந்த இணைப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.