லேப்டாப் கேள்வி பதில்: முழு மாடல் நம்பரோட வாங்க

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரங்க சொந்த உபயோகத்துக்கு லேப்டாப் எடுக்கறதைப் பத்தி இங்கே கேட்கலாம். பட்ஜெட், என்ன வேலை, கடையில காட்டின மாடலோட முழு நம்பர், இந்த மூணையும் சொன்னா பதில் உருப்படியா வரும்.

பாலக்கோடு: அண்ணா, தங்கச்சி பி.காம் சேர்ந்திருக்கா. 45 ஆயிரம் வரைக்கும் போகலாம். ஐ5 எடுத்தா போதுமா?

பதில்: வெறும் ஐ5ன்னு சொன்னா ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. ஸ்டிக்கர்ல இருக்கற ஐ5ங்கறது ப்ராசசரோட, அதாவது லேப்டாப்போட மூளையா இருக்கற சிப்போட, குடும்பப் பேரு. ஆள் யாருங்கறதை பின்னாடி வர்ற நம்பர்தான் சொல்லும்.

ஐ5-1335யு, ஐ7-1355யு ரெண்டையும் எடுத்துக்கங்க. ரெண்டுலயும் 10 கோர் (சிப்புக்குள்ள வேலை செய்யற பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்துல பார்க்கற வேலை), 12 எம்பி கேஷ் (சிப்புக்குள்ள இருக்கற சின்ன நினைவகம்). டர்போ வேகம், அதாவது எட்டக்கூடிய உச்ச வேகம்தான் வேற, ஒண்ணு 4.6 கிகாஹெர்ட்ஸ், இன்னொண்ணு 5. எக்செல் போடறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஆனா "ஐ7"ங்கற எழுத்துக்குக் காசு வாங்கிடுவாங்க. ஐ3 பக்கம் இன்னும் மோசம். ஐ3-1315யுல வேகமான பெரிய கோர் ரெண்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கற சின்னது நாலு. ஐ3-1305யுல பெரிய கோர் ஒண்ணே ஒண்ணு. ஐ3-என்305ல பெரிய கோரே கிடையாது, எட்டும் சின்னது. கடையில மூணுக்கும் பேரு ஐ3தான்.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியோடது. போட்டிக் கம்பெனி ஏஎம்டியில ரைசன் 7000 வரிசைன்னா மூணாவது இலக்கத்தைப் பாருங்க. 7520யுல மூணாவது 2, அதாவது ஜென் 2. அது 2019ல வந்த கட்டமைப்பு, 4 கோர். 7530யு ஜென் 3, 6 கோர். ரெண்டுக்கும் "ரைசன் 5"ன்னுதான் ஒட்டியிருப்பாங்க. 7520யு போட்ட லேப்டாப்ல ரேம் போர்டோட சால்டர் பண்ணி வரும். 8 ஜிபி வாங்கினா ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

தங்கச்சிக்கு 7530யு, ஐ5-1334யு, கையைக் கடிச்சா ஐ3-1315யு. 8 ஜிபி ரேம், கூட ஒரு ஸ்லாட் காலியா இருக்கணும். 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஃபைலெல்லாம் சேமிக்கற வேகமான டிஸ்க்). விண்டோஸ்ல 476 ஜிபின்னு காட்டினா கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அது கணக்கு முறையில வர்ற வித்தியாசம்.

அரூர்: 8 ஜிபி பத்துமா, 16 கண்டிப்பா வேணுமா சார்?

பதில்: விண்டோஸ் 11, குரோம்ல பத்து டேப், ஒரு வீடியோ கால். இதுக்கே 8 ஜிபி ஏறக்குறைய நிரம்பிடும். நிரம்பினா எஸ்எஸ்டியை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அப்பதான் "புது லேப்டாப் இழுக்குது"ன்னு புகார் வரும். 16 நிம்மதி. ஆனா 2025 கடைசியில இருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கு. அதனால இப்ப 8, அப்புறம் இன்னொரு 8ன்னு போகறதும் சரிதான், ஸ்லாட் இருந்தா மட்டும்.

ரெண்டு குச்சி, அதாவது ரெண்டு ரேம் போட்டா இன்னொரு லாபம் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்ல கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போடுது. ஒரு குச்சின்னா பாதை ஒண்ணு, ரெண்டுன்னா பாதை ரெண்டு. ஐ5-1335யு போட்ட லேப்டாப்ல ஒத்தை ரேமோட டிவைஸ் மேனேஜரைத் திறந்தா "யுஹெச்டி கிராஃபிக்ஸ்"னு காட்டும். ரெண்டாவது ரேம் போட்டதும் அதே சிப் "ஐரிஸ் எக்ஸ்இ"ன்னு பேரை மாத்திக்கும். விளம்பரத்துல ஐரிஸ்னு போட்டு ஒத்தை ரேமோட விக்கறது இப்படித்தான்.

மொரப்பூர்: சார் ஐ5 நல்லதா, ஐ7 நல்லதா?

பதில்: மேல பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படிங்க.

கிருஷ்ணகிரி: கிரானைட் யார்டுல கணக்கு பார்க்கறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், எக்செல். வீட்டுக்கும் யார்டுக்கும் தூக்கிட்டுப் போகணும். 50 ஆயிரம்.

பதில்: டேலிக்கு ப்ராசசர் பெரிய விஷயமே இல்லை. எஸ்எஸ்டி இருக்கணும், வலது பக்கம் நம்பர் பேட் இருக்கணும். 14 இஞ்ச்ல நம்பர் பேட் பெரும்பாலும் வராது, 15.6 எடுங்க. 15.6லயும் சில மாடல்ல இருக்காது, படத்தை நம்பாம நேர்ல பாருங்க. டேலி விண்டோஸ்ல ஓடற சாஃப்ட்வேர், மேக்புக் பக்கம் போக வேண்டாம். ஜிஎஸ்டி நம்பர் இருக்கற ஓனர் பேர்ல தொழிலுக்குன்னு பில் போட்டா 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவுல, அதாவது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சு, எடுக்கலாம், ஆடிட்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

உங்களுக்கு நிஜமான எதிரி தூசி. பாலிஷ் தூசி மாவு மாதிரி உள்ளே போய் ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல அடை கட்டிடும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஃபேன் சத்தம் கூடும், சூடு ஏறும், ப்ராசசர் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பின் மூடியைக் கழட்டி, பேட்டரி கனெக்டரை முதல்ல பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை விரலால அசையாம பிடிச்சுக்கிட்டு மெல்லிய பிரஷ்ஷால தள்ளி எடுங்க. யார்டுல கம்ப்ரசர் இருக்கேன்னு அதுல அடிச்சிடாதீங்க. காத்தோட ஈரமும் வரும், ஃபேன் தாறுமாறா சுத்தி பேரிங் போயிடும். வாரண்டி இருக்கற வரைக்கும் மூடியைத் திறக்கலாமான்னு கம்பெனி விதியைப் பார்த்துக்கங்க.

தேன்கனிக்கோட்டை: 43 இஞ்ச் டிவி எது எடுக்கலாம்?

பதில்: இங்கே டிவி இல்லை.

காவேரிப்பட்டணம்: ஸ்டுடியோ வெச்சிருக்கேன். கல்யாண ஆல்பம், ஃபோட்டோஷாப். 80 ஆயிரம் வரை.

பதில்: முதல்ல ஸ்கிரீன், அப்புறம் ரேம், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

மலிவு லேப்டாப்ல "ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ், ஆன்டிகிளேர்"னு கொட்டை எழுத்துல போட்டுட்டு, அடியில பொடி எழுத்துல "45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்"னு எழுதியிருப்பாங்க. முதல்ல இருக்கறது எவ்வளவு நிறம் காட்டும்ங்கற அளவு, ரெண்டாவது வெளிச்ச அளவு. அந்த ஸ்கிரீன் சிவப்பை முழுசா காட்டாது. பட்டுப்புடவை அரக்குச் சிவப்பு வெளுத்துத் தெரியுதேன்னு நீங்க சிவப்பை ஏத்துவீங்க, பிரிண்ட் போடற லேப்ல இருந்து ஆல்பம் ரத்தச் சிவப்பா வரும். நிறத்துக்கான பொது அளவுகோல் எஸ்ஆர்ஜிபி, அது "100% எஸ்ஆர்ஜிபி"ன்னு எழுத்துல இருக்கற மாடலா எடுங்க.

ரேம் கணக்கு இதோ. 12×36 இஞ்ச் ஷீட், 300 டிபிஐன்னா 3600×10800 பிக்சல், சுமார் 3.9 கோடி. பிக்சலுக்கு 3 பைட்னு வெச்சா முழு அளவு லேயர் ஒண்ணே 117 எம்பி. பத்து லேயர்ல ஒரு ஜிபி தாண்டும், அன்டூ ஹிஸ்டரி அதுக்கு மேல. 16 இல்லாம ஆரம்பிக்காதீங்க, 32 வரை ஏத்த ஸ்லாட் இருக்கணும். ஃபோட்டோஷாப்புக்கு மட்டும்னா கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுல பணம் போடாதீங்க, அந்தக் காசை ஸ்கிரீன்ல போடுங்க.

பர்கூர்: அண்ணா, மெக்கானிக்கல் முதல் வருஷம். சாலிட்வொர்க்ஸ் (3டி டிசைன் சாஃப்ட்வேர்) ஓடணும். நண்பன் மேக்புக் ஏர் எடுன்னு சொல்றான்.

பதில்: சாலிட்வொர்க்ஸுக்கு மேக் பதிப்பு கிடையாது, நண்பனை விட்டுடுங்க. ஐ5-13420ஹெச் மாதிரி ஹெச்ல முடியற ப்ராசசர், 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3050 இல்லன்னா 4050 கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு பேரோட வாட்ஸையும் கேளுங்க. லேப்டாப் 4050ஐ கம்பெனிக்காரங்க 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் எப்படி வேணா வெச்சு விக்கலாம், பேரு ஒண்ணுதான், வேகம் வேற வேற. இந்த லேப்டாப்புங்க அடாப்டரோட சேர்த்து கனமா இருக்கும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும். 2டி ஆட்டோகேட் மட்டும்னா இவ்வளவு எதுவும் வேண்டாம்.

ஓசூர்: எதுக்கு இந்தப் பாடமெல்லாம்? பஸ் ஏறினா பெங்களூரு எஸ்.பி. ரோடு, எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. பழைய திங்க்பேட் டி480 லேப்டாப், 16 ஜிபி, புதுசுல பாதி விலை கூட இல்லை. புதுசு வாங்கறவங்க ஏமாளிங்க.

பதில்: டி480 நல்ல மெஷின்தான், மறுக்கல. ரேம் ஸ்லாட் ரெண்டு, கீபோர்டுக்கு ஈடில்லை. ஆனா டி480ன்னு சொல்லி டி470 கொடுப்பாங்க. விண்டோஸ் 11 இன்டெல்ல பொதுவா 8-ம் தலைமுறையில இருந்துதான் ஏத்துக்கும். டி470 அதுக்கு முந்தினது, விண்டோஸ் 10 இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. டி480லயே 7-ம் தலைமுறை போட்டதும் உண்டு, அதனால ஐ5-8250யு, 8350யுன்னு கண்ணால பார்க்கணும். பின்னாடி "எஸ்" போட்ட டி480எஸ்னா ஒரு ரேம் சால்டர்.

கிருஷ்ணகிரி, கடைக்காரர்: பழசுக்கு யாருங்க வாரண்டி கொடுப்பா? போர்டு போச்சுன்னா மறுபடியும் பஸ் ஏறணும். இங்கே எங்ககிட்ட வாங்கினா நாங்க பதில் சொல்லணுமில்ல.

ஓசூர்: புதுசுக்கு மட்டும் ஒரு வருஷம் தாண்டி யார் தர்றாங்க?

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி நியாயம். பழசு எடுக்கறவங்க பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. ஆன் பண்ணினதும் எஃப்1 அடிச்சு பயாஸ் (விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) உள்ளே போங்க. பாஸ்வேர்டு கேட்டா வெச்சுட்டு வந்துடுங்க. பேட்டரி ரிப்போர்ட் எடுத்து "டிசைன் கெபாசிட்டி", "ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி" ரெண்டையும் ஒப்பிடுங்க, 70 சதவீதத்துக்குக் கீழேன்னா புது பேட்டரி விலையைக் கழிச்சுப் பேசுங்க. டி480ல பேட்டரி ரெண்டு, ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே, ரெண்டையும் பாருங்க. டைப்-சி போர்ட்ல சார்ஜ் ஏறுதான்னு சோதிங்க, அந்த மாடல்ல தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் (போர்ட்டை இயக்கற உள் சாஃப்ட்வேர்) கோளாறுல அந்த போர்ட் செத்துப்போறது தெரிஞ்ச விஷயம். வெள்ளைப் படம் ஒண்ணு முழுத்திரையில போட்டா அழுத்தம் பட்ட திட்டு தெரியும்.

எல்லாத்தையும் விட முக்கியம், இன்டர்நெட் இணைச்சு விண்டோஸை முதல்ல இருந்து ஏத்தச் சொல்லுங்க. நடுவுல ஏதாவது கம்பெனி பேரைக் காட்டி அவங்க லாகின் கேட்டா, அது அந்தக் கம்பெனியோட பட்டியல்ல இருந்து விடுபடாத மெஷின்.

ஓசூர்: அதெல்லாம் கடைக்காரனே ஆஃப் பண்ணிக் கொடுப்பான்.

பதில்: ஆஃப் ஆகாது. நெட் இல்லாம இன்ஸ்டால் பண்ணி மறைச்சுக் கொடுப்பாங்க. அடுத்த தடவை ரீசெட் பண்ணும்போது திரும்ப வந்து நிக்கும். பழைய கம்பெனி தன் கணக்குல இருந்து நீக்கினாத்தான் போகும். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எஸ்.பி. ரோடு சரி. ஹாஸ்டலுக்குப் போற பிள்ளைக்குப் புதுசு சரி. ஏமாளின்னு யாரையும் இங்கே சொல்ல வேண்டாம்.

ஊத்தங்கரை: ஐ7 12-ம் தலைமுறை எடுக்கலாமா, ஐ5 13-ம் தலைமுறையா?

பதில்: முழு நம்பர். முழு நம்பர் இல்லாம இனி பதில் இல்லை.

பென்னாகரம்: அண்ணா, மெட்டல் பாடி லேப்டாப் எடுத்தோம். சார்ஜ்ல இருக்கும்போது கை வெச்சா சுருசுருங்குது. மாத்தித் தரச் சொல்லலாமா?

பதில்: லேப்டாப் மேல தப்பு இருக்காது பெரும்பாலும். அடாப்டருக்குள்ள இரைச்சலை வடிகட்ட சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், அது வழியா ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவான கரண்ட் உலோக உடம்புக்கு வரும். எர்த் இருந்தா அது தரைக்குப் போயிடும். ரெண்டு பின் பிளக், இல்லன்னா மூணு பின்னைப் போட்டும் சுவத்துல எர்த் கம்பியே வராத பாயின்ட், அப்ப உங்க விரல் வழியா போகுது. சார்ஜரைக் கழட்டினதும் நின்னுட்டா இதுதான் காரணம். மூணு பின் அடாப்டரை நேரடியா சுவர் பாயின்ட்ல போடுங்க, ரெண்டு பின் கன்வெர்ட்டரைத் தூக்கி எறிங்க. அப்பவும் சுருசுருன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிங்க. அது லேப்டாப்புக்கு மட்டுமில்ல, கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் தொடறவங்களுக்கும் வேணும். சுருசுரு இல்லாம சுள்ளுன்னு இழுத்தா தொடாதீங்க, அது வேற பழுது.

காரிமங்கலம்: கடையிலயே எல்லாம் செட் பண்ணிக் கொடுக்கறேன்னு சொல்றாங்க. விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. கூட வர்ற எம்எஸ் ஆஃபிஸ் முதல்ல எந்த மைக்ரோசாஃப்ட் கணக்குல ஆக்டிவேட் ஆகுதோ அதோட ஒட்டிக்கும். கடைப் பையன் அவன் மெயில் ஐடியைப் போட்டா ஆஃபிஸ் அவனுக்கு. அதை விட மோசம், விண்டோஸ் 11 இப்ப டிஸ்க்கைத் தானே பூட்டி, சாவியை அந்தக் கணக்குலதான் வெக்குது. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டா எங்கே போவீங்க? உங்க மெயில், உங்க பாஸ்வேர்டு, உங்க கையால. பில்லுல முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கணும், பெட்டி மேலயும் லேப்டாப் அடியிலயும் அதே சீரியலான்னு ஒத்துப் பாருங்க. "டாஸ்" மாடல்னா விண்டோஸ் இல்லைன்னு அர்த்தம், கடையில ஏத்திக் கொடுக்கற விண்டோஸுக்கு லைசென்ஸ் எங்கேன்னு கேளுங்க.

நல்லம்பள்ளி: தமிழ் டைப் பண்ண தனி கீபோர்டு லேப்டாப் உண்டா?

பதில்: வேண்டாம். விண்டோஸ்லயே தமிழ் 99, அஞ்சல்னு ரெண்டு தட்டச்சு முறையும் இருக்கு. செட்டிங்ஸ்ல மொழி பகுதிக்குப் போய் தமிழைச் சேருங்க.

பாப்பிரெட்டிப்பட்டி: ஆன்சைட் வாரண்டின்னா வீட்டுக்கே வருவாங்களா?

பதில்: உங்க பின்கோடு அவங்க பட்டியல்ல இருந்தா. வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு பின்கோடைச் சொல்லிக் கேளுங்க. கடைக்காரர் "வருவாங்க சார்"னு சொல்றது கணக்குல வராது. "கேரி-இன்"னு எழுதியிருந்தா நீங்கதான் தூக்கிட்டுப் போகணும், அது சேலமா ஓசூரான்னும் அதே போன்ல கேட்டுக்கங்க.

ஊத்தங்கரை: முழு நம்பர் கிடைச்சது சார். ஐ7-1255யு, இன்னொண்ணு ஐ5-13420ஹெச். வீடியோ எடிட்டிங்.

பதில்: 13420ஹெச். பெரிய கோர் நாலு, 1255யுல ரெண்டுதான். ரெண்டாவது ரேம் ஸ்லாட் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.