கூரை அவர்களுடையது, பனல் யாருடையது?

கேள்வி: மதிப்பிற்குரிய சட்டத்தரணி ஐயா, திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அருகில் மீன் குளிரறை ஒன்றை நடத்திவருகிறேன். கட்டடத்தை 2017 செப்டெம்பரில் நொத்தாரிசு உறுதி எழுதிப் பத்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தேன். உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறது. 2018 மார்ச்சில் என் செலவில், என் பெயரில் வங்கிக் கடன் எடுத்து, கூரையில் 40 கிலோவாட் சோலார் பனல் பூட்டினேன். கட்டடச் சொந்தக்காரர் வாய்ச்சொல்லில் சம்மதித்தார். உறுதியிலோ "எழுத்துமூல அனுமதியின்றிக் கட்டடத்தில் மாற்றமோ சேர்க்கையோ செய்யலாகாது" என்று இருக்கிறது. அவர் கடந்த ஆண்டு காலமானார். மனைவியும் மகளும் இங்கே, மகன் கனடாவில். "கூரை எங்களுடையது, கூரையில் பூட்டியதும் எங்களுடையது, 2027இல் வெறுங்கையோடு வெளியேறு" என்கிறார்கள். பூட்டிய ஆணியால் கூரை ஒழுகுகிறது என்று நட்டஈடும் கேட்கிறார்கள். கோபத்தில் நான்கு மாதமாக வாடகை கொடுக்கவில்லை. பனல்களை இப்போதே கழற்றிக்கொண்டு போகலாமா? பின்குறிப்பு: மின்கணக்கு இறந்தவரின் பெயரில்தான் இருக்கிறது. சோலார் மின்சாரத்துக்கு மின்சார சபை தரும் பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் அதை வாடகையில் கழித்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார், இருவரும் கையெழுத்து வைப்போம்.
(கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: அன்பின் வாசகருக்கு, உங்கள் முழுக் கடிதத்தில் பனலைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. மின்கணக்கைப் பற்றிப் பின்குறிப்பில் இரண்டு வரி. நான் பின்குறிப்பைத்தான் முதலில் படித்தேன். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள்: வாடகையைக் கட்டுங்கள்.

நான்கு மாத வாடகையை நிறுத்தியதுபோல் எதிர்த்தரப்புக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பரிசு வேறில்லை. உங்கள் குத்தகை உறுதியிலும் வாடகை தவறினால் குத்தகையை முடிவுறுத்தலாம் என்ற வாசகம் இருக்கும். அது இல்லாத உறுதியை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவர்கள் உங்களுக்குப் பணம் தரவேண்டியிருக்கலாம். ஆனாலும் தொகை ஒப்புக்கொள்ளப்படாத ஒரு கடனை நீங்களாகவே வாடகையில் கழித்துக்கொண்டால் நீதிமன்றம் அதை வாடகைப் பாக்கி என்றே பார்க்கக்கூடும். இறந்தவர் கழித்தது வேறு, அவர் சம்மதித்துக் கழித்தார். இன்று சம்மதம் இல்லை. எனவே மனைவி, மகள், மகன் மூவருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: பாக்கி வாடகை தயாராக இருக்கிறது, யாருடைய எந்தக் கணக்கில் போடுவது என்று மூவரும் சேர்ந்து அறிவியுங்கள், என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று. பதில் வரும்வரை அந்தப் பணத்தைத் தனிக் கணக்கொன்றில் போட்டுவையுங்கள், தொடாதீர்கள்.

மூவருக்கும் ஏன் என்றால், மரண சாசனம் எதுவும் இல்லாவிட்டால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி கட்டடத்தில் பாதி மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகளிடம் மட்டும் பேசி முடித்த எந்தப் பேச்சும் காற்பங்குப் பேச்சுத்தான்.

இனிப் பனலுக்கு வருவோம். நிலத்தோடு பொருந்தியது நிலத்துக்குச் சொந்தம் என்பது நம் ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. பிள்ளைகள் சொல்வது அதைத்தான்; யாரோ அவர்களுக்குப் பாதி சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பாதி இது: பொருந்தியதா இல்லையா என்று பார்க்க நீதிமன்றம் பொருளின் தன்மை, அது பூட்டப்பட்ட விதம், பூட்டியவரின் நோக்கம் ஆகிய மூன்றையும் ஆராயும். உங்கள் கூரையில் ஏறிப் பார்த்தால் கதை தெளிவாகும். கூரைத் தகட்டின் மேல் அலுமினியத் தண்டவாளம், அதன் மேல் பனல், பனலின் விளிம்பைப் பிடித்திருக்கும் கிளாம்பு, கிளாம்பில் ஓர் ஆணி. ஆணி கழற்றும் சாவி ஒன்றும் இரண்டு ஆட்களும் போதும். கட்டடத்துக்குக் காயம் இல்லாமல் இறக்கலாம். நோக்கத்துக்கு உங்கள் வங்கிக் கடன் பத்திரமே சாட்சி. மாதாமாதம் தவணை கட்டி வாங்கிய பொருளைச் சொந்தக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கத்தான் பூட்டினார் என்று எந்த நீதிபதியும் இலகுவில் நம்பமாட்டார். ஆகவே பனலும் இன்வேட்டரும் உங்களுடைய அசையும் சொத்து என்ற வாதம் வலுவானது. ஒரு நிபந்தனை மட்டும்: கட்டடம் உங்கள் ஆட்சியில் இருக்கும்போதே கழற்ற வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு, "பிறகு வந்து எடுக்கிறேன்" என்று போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

"எழுத்துமூல அனுமதி" வாசகம் உங்களை உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, எழுத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்கும் ஓர் ஆவணத்தைப் பின்னர் வாய்மொழியால் மாற்றியதாக நிரூபிக்க முடியாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் பெரியவரின் வாய்ச்சொல் கடலில் போட்ட உப்பா? இல்லை. மின்கணக்கு அவர் பெயரில் இருந்தது என்கிறீர்கள். கணக்குக்காரர் கையெழுத்திடாமல் சபை சோலார் இணைப்புக் கொடுக்காது. விண்ணப்பத்திலும், சோலார் மின்சாரத்துக்காகச் சபையோடு செய்யும் 20 ஆண்டு உடன்படிக்கையிலும் அவர் கையொப்பம் இருந்தே ஆகவேண்டும். தன் கூரையில் பனல் பூட்டுவதற்கு அவரே எழுத்தில் கொடுத்த சம்மதம் அதுதான். எட்டு வருடமாக அது ஒரு கோப்பில் தூங்குகிறது, உங்களுக்கு நினைவில்லை.

அதன் பிரதியை எடுங்கள். பனல் பூட்டிய நிறுவனத்திடம் இருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். இன்னொருவரின் தனிப்பட்ட தகவல் என்று மறுக்கவும் கூடும். அப்படி மறுத்தாலும் வழக்கு என்று வந்தால் நீதிமன்ற அழைப்பாணையில் கோப்பு வந்துவிடும். சபை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். மின்சாரச் சட்டம் 2024இல் புதிதாக வந்து பெயர்ப்பலகைகள் மாறினாலும் கோப்பு அதே கோப்புத்தான்.

அடுத்தது அந்த சீ.ஆர். கொப்பி. அதைப் பொலித்தீன் பையில் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள், வேடிக்கைக்குச் சொல்லவில்லை. திருகோணமலையின் உப்புக் காற்று கொப்பியின் கம்பியையும் அரிக்கும், மையையும் மங்கவைக்கும். இறந்தவர் தன் பண நலனுக்கு எதிராக எழுதிவைத்த கூற்றை அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. "சோலார் காசு இவ்வளவு, வாடகையில் கழித்தது" என்று அவர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட ஒவ்வொரு வரியும், அந்தப் பணம் உங்களுடையது என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். அவர் இறந்தபின் சபை போட்ட பணத்துக்கும் அந்த வழக்கமே அடிப்படை. அதைக் கேட்கக் காலக்கெடு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, எழுத்தில்லாததற்கு 3 ஆண்டு. கொப்பி எழுத்து ஒப்பந்தமாகாது என்று அவர்கள் வாதாடுவார்கள். எனவே மூன்றையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பின்குறிப்புக்கு வருகிறேன். 2018இல் அரசின் "சூரிய பல சங்கிராமய" கூரைச் சோலார் திட்டத்தின் நெட் எக்கவுண்டிங் முறையில் சேர்ந்தவர்களுக்கு, தாம் பாவித்ததுபோக மிஞ்சும் அலகுக்கு முதல் 7 ஆண்டு 22 ரூபா, அடுத்த 13 ஆண்டு 15 ரூபா 50 சதம். உங்கள் ஏழாண்டு 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. உடன்படிக்கை 2038 வரை ஓடும், உங்கள் குத்தகையோ 2027இல் முடிகிறது. இந்த இணைப்பு அந்த மின்கணக்குக்கும் அந்த மீட்டருக்கும் உரியது. நீங்கள் பனலைக் கழற்றிக் கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ பூட்டினால் அங்கே புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், அன்றைய விலைதான் கிடைக்கும். ஆக, பனல் உங்களிடம், உடன்படிக்கை அவர்களிடம். பனல் போனால் அவர்களுக்கு மிஞ்சுவது ஓட்டைக் கூரையும் வெற்று மீட்டரும். உடன்படிக்கை போனால் உங்களுக்கு மிஞ்சுவது எட்டு வருடம் வெயிலில் கிடந்த கண்ணாடி. இரு தரப்பும் இதை இன்னும் உணரவில்லை; உணர்ந்தால் அரைநாளில் பேசி முடிக்கலாம்.

பேசும்போது கணக்கைக் கையில் வைத்திருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு என்றால் 40 கிலோவாட்டுக்கு மாதம் 4,800 அலகு. பெரும்பகுதியை உங்கள் குளிரறையே உறிஞ்சிவிடும். வாடைக் காலத்தில் மீன் வரத்துக் குறைந்து அறை பாதிதான் ஓடும். ஆனால் அப்போது வானமும் மூடியிருக்கும். ஆகவே மகன் கனடாவிலிருந்து கற்பனை செய்யும் பெருந்தொகை சபையிடமிருந்து வருவதில்லை. பனலின் உண்மையான இலாபம், வாங்காமல் விட்ட மின்சாரத்தில் இருக்கிறது. அதை அனுபவிக்கப் பகலில் மின்சாரம் தின்னும் ஒரு தொழில் அந்தக் கட்டடத்தில் நடக்கவேண்டும். இன்னொன்று: 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைவு என்பதால், கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். பனலுக்கு விலை பேசும் யாரும் வருடம் 365 நாளும் வருமானம் என்று பெருக்கக்கூடாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, குத்தகையை 2038 வரை நீடித்துப் பனலை உங்களுடையதாகவே வைத்திருப்பது. மற்றது, 2027இல் மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லும் விலைக்கு அவர்கள் வாங்கிக்கொள்வது. உங்கள் தொழில் நிலையாக இருந்தால் முதலாவதையே விரும்புவேன். எதுவானாலும் குறைநிரப்பு உறுதி ஒன்றை நொத்தாரிசு முன் எழுதி, குத்தகை பதியப்பட்ட அதே ஏட்டில் பதியுங்கள். பனல், இன்வேட்டர், வயர் எல்லாம் குத்தகைக்காரரின் அசையும் சொத்து. குத்தகை முடிந்தபின்னும் கழற்ற மூன்று மாதம் உள்நுழைய உரிமை. சபையின் பணம் எந்தக் கணக்குக்கு. கூரை ஒழுகினால் யார் திருத்துவது என்று நான்கும் தெளிவாக இருக்கட்டும். பதியாவிட்டால் நாளை கட்டடத்தை விலைக்கு வாங்குபவர் உங்கள் குத்தகைக்குக் கட்டுப்படுவார். பனல் பற்றிய பேச்சுக்குக் கட்டுப்படமாட்டார். மகனுக்காகக் கையொப்பமிடுபவரிடம் டொரொன்டோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி இங்கே பதியப்பட்ட அற்றோணித் தத்துவம் இருக்கவேண்டும். "அண்ணா வட்ஸ்அப்பில் ஓம் என்று போட்டிருக்கிறார்" என்பதை ஏற்காதீர்கள்.

மின்கணக்கின் பெயர்மாற்றத்தைத் தடுக்காதீர்கள், தடுக்கவும் முடியாது. இறந்தவர் பெயரில் கணக்கு இருப்பது உங்களுக்கும் நல்லதல்ல. மாற்றும் வேளையில் இந்த உறுதியும் கையெழுத்தாகவேண்டும் என்று சொல்லுங்கள். பனல் தொடர்பாகத் தகராறு இருக்கிறது என்று மின் பொறியியலாளருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு பிரதியை வாங்கிவையுங்கள்.

கூரை ஒழுக்கு பற்றிய கோரிக்கையை அலட்சியம் செய்யவேண்டாம். துறைமுகக் கரையில் இரும்பு ஆணி எட்டு வருடம் தாங்காது. ஆணித் தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அந்த மயிரிழை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். அது உங்கள் பொறுப்பு. ஆனால் 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை மறந்து, அப்போது கிளம்பிய தகட்டையும் உங்கள் தலையில் கட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து, எந்த ஒழுக்கு ஆணித் துளையில், எந்த ஒழுக்கு பழைய வெடிப்பில் என்று படத்துடன் அறிக்கை எடுங்கள். துளைகளை மழைக்கு முன் நீங்களே அடைத்துவிடுங்கள். கட்டடத்துக்குத் தீக் காப்புறுதி இருந்தால் கூரையில் பனல் இருப்பது காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள்.

அவர்கள் ஆட்களை ஏற்றிப் பனலைக் கழற்ற வந்தால் கைகலப்பு வேண்டாம். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். கட்டடத்தை விட்டே பலவந்தமாக வெளியேற்றப்பட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விரைந்து நீதிமன்றம் செல்லுங்கள். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பனலை மட்டும் தொட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். அதே காரணத்தால் நீங்களும் இரவோடிரவாகக் கழற்றவேண்டாம்.

கடைசியாக ஒன்று. மூன்று உரித்தாளிகள், ஒருவர் வெளிநாட்டில் என்றால் பாகப்பிரிவினை வழக்கு வர நிறையச் சாத்தியம் உண்டு. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, தீர்ப்பாணையில் குறிப்பிடப்படாத குத்தகை அழிந்துபோகும். உங்கள் பதிவு செய்த பத்தாண்டுக் குத்தகையும் அதற்கு விலக்கல்ல. கட்டடத்தில் நீதிமன்ற அறிவித்தல் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டால், அது அவர்களுடைய குடும்பச் சண்டை என்று கடந்துபோகாமல், அன்றைக்கே உறுதியையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.