இசைக்காதுக்கு எங்கே வேலை?

கேள்வி: மகள் பல ஆண்டுகளாக வீணை கற்கிறாள். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியல். இசை படித்தால் மூளை கூர்மையாகும், மருத்துவச் சாதன நிறுவனங்கள் அதை மதிக்கும் என்கிறார்களே, உண்மையா? அல்லது வகுப்பை நிறுத்திவிடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: நிறுத்தாதீர்கள். ஆனால் 'மூளைக் கூர்மை' என்று வேலை விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், அது யாரிடமும் எடுபடாது. ஒலியே வேலையாக இருக்கும் இடத்தில்தான் அந்தக் காதுக்கு மதிப்பு: செவித்துணைக் கருவி, இதய ஒலியைப் பதியும் கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக மருத்துவமனை எச்சரிக்கை ஒலி.

ஐஇசி 60601-1-8 என்ற அனைத்துலகத் தரநிலைப்படி, மிக அவசர எச்சரிக்கைக்குத் தொடர்ந்து 10 ஒலித் துடிப்புகள், நடுத்தர அவசரத்துக்கு 3. துடிப்பு ஒற்றை அதிர்வெண்ணாக மட்டும் இருந்தால், சுவர்களில் பட்டுத் திரும்பி அறையின் சில மூலைகளில் அமுங்கிப்போகும். எந்தக் கட்டிலிலிருந்து வருகிறது என்பதும் எளிதில் புலப்படாது. அதனால்தான் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்கள், சேர்க்கிறார்கள். தம்புராவோடு சுருதி சேர்த்துப் பழகிய மகளுக்கு அவை சட்டென்று பிடிபடும்.

அதே காது ஏமாற்றவும் செய்யும். 2006இல் அந்தத் தரநிலை இதயம், மூச்சு, ஆக்சிஜன் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி மெட்டைப் பரிந்துரைத்தது. இசைப் பயிற்சி உள்ளவர்கள் அவற்றை ஓரளவு பிரித்தறிந்தார்கள், மற்றத் தாதியர் பலர் குழம்பினார்கள். 2020 திருத்தத்தில் மெட்டுகள் போய், இதயத்துடிப்பு போலப் பொருளையே நினைவூட்டும் ஒலிகள் வந்தன. ஸ்வரம் தெரியாத தாதிக்கு, இரவு வேலை முடியும் நேரத்தில், திரும்பிப் பார்க்காமலே புரிய வேண்டும். இனிமை அங்கே இரண்டாம்பட்சம். இசைப் பின்னணி உள்ள பொறியாளர் வழுக்கும் இடம் இதுதான்.

காதால் உணர்ந்ததை எண்ணாகவும் காட்ட வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 500 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலி ஒன்று, அதோடு 1000, 1500, 2000, 2500 சேர்த்த ஒலி ஒன்று செய்யச் சொல்லுங்கள். இசை கற்காத பத்துப் பேரைக் கண்ணை மூடி நிற்கவைத்து, கூடத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து ஒலிக்கவிட்டு, திசையைக் கைகாட்டச் சொல்லட்டும். தவறுகளை அட்டவணையில் குறிக்கட்டும். இரண்டின் உரப்பும் (காதுக்குக் கேட்கும் சத்தம்) சமமாக இருப்பது முக்கியம். ஒன்று உரக்க இருந்தால் வித்தியாசம் மேற்சுரத்தாலா உரப்பாலா என்று பிரிக்கவே முடியாது, சோதனை பயனற்றுப்போகும். நேர்முகத் தேர்வில் அந்த அட்டவணையை எடுத்து வைத்துப் பேசட்டும், நிச்சயம் கேள்வி கேட்பார்கள்.