செபென்சா 31 மடக்குக் கத்தியில், முந்தைய 21-இலிருந்து செய்த மாற்றங்கள் உண்மையிலேயே முன்னேற்றமா, இல்லை புது எண் போட ஒரு சாக்கா?

என்னிடம் செபென்சா 21 பல வருடங்களாக இருக்கிறது. 31 அப்புறம் வாங்கியது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். அதனால் சாக்கு என்று ஒரேயடியாகத் தள்ள என்னால் முடியாது. ஆனால் எல்லாரும் பெரிதாகப் பேசும் மாற்றம் ஒன்று, எனக்குக் கையில் தெரிந்த மாற்றம் வேறு.

எல்லாரும் பேசுவது பூட்டில் பதித்த செராமிக் உருண்டையைப் பற்றி. இந்த மடக்குக் கத்தியில் தனியாகப் பூட்டு என்று ஒரு பாகம் கிடையாது. டைட்டானியம் பிடியின் ஒரு பக்கத்தையே கீறி, வில் மாதிரி உள்ளே வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தப் பட்டை அலகின் அடியில் போய் முட்டுக்கொடுத்து நின்றுகொள்ளும். கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கரின் லைனர் லாக்கை (பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகைத் தாங்கும் பூட்டு) எடுத்து, அந்தத் தகட்டுக்குப் பதிலாகப் பிடியையே பூட்டாக்கியது செபென்சாவை உருவாக்கிய கிறிஸ் ரீவ். இன்று பாதி உலகம் இதைக் காப்பியடிக்கிறது.

இதில் ஒரு பழைய தொல்லை உண்டு. டைட்டானியம் எஃகின் மேல் அழுத்தி உரசினால் வழுக்காது, பற்றிக்கொள்ளும். வேறொரு கம்பெனியின் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது, பெயர் வேண்டாம். திறந்தபின் மூடுவதற்குக் கட்டைவிரல் நகம் வலிக்கும். பென்சில் கரியை உரசு என்றார்கள், உரசினேன். இரண்டு நாள் சொன்னபடி கேட்டது, மூன்றாம் நாள் பழையபடி. 21-இல் டைட்டானியத்தின் அந்த முட்டும் முகத்தைச் சூடுகாட்டிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அதனாலோ என்னவோ, என் 21 இதுவரை ஒட்டிக்கொண்டதே இல்லை. 31-இல் அந்த இடத்தில் செராமிக் உருண்டை. அது டைட்டானியத்தைவிடப் பல மடங்கு கடினம், எஃகைப் பற்றாது, சுலபத்தில் தேயாது. மூடிய நிலையில் அலகு தானாகத் திறந்துவிடாமல் பிடித்து வைப்பதும் அதே உருண்டைதான்.

சின்ன உருண்டையின் ஒரு புள்ளி எப்படித் தாங்கும் என்று கேட்பவர்கள் உண்டு. சுமை அந்த உருண்டையை நசுக்கும் திசையில் வருகிறது. செராமிக் பலவீனமாவது இழுக்கும்போதும் வளைக்கும்போதும்தான், நசுக்கினால் நன்றாகவே தாங்கும். தவிர, இது 31-க்காகக் கண்டுபிடித்ததும் அல்ல. அதே கம்பெனியின் உம்னும்சான், செபென்சா 25, இன்கோசி கத்திகள் எல்லாவற்றிலும் ஓடித் தேறிய பிறகுதான் இங்கே வந்தது. ஆகவே முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காக வேலை செய்யும் 21 வைத்திருப்பவருக்கு இல்லாத நோய்க்கான மருந்து அது.

கத்தியைச் சட்டைப்பையில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பின் கதை வேறு. 21-இல் கிளிப்பின் நுனி பூட்டுப் பட்டையின் மேலேயே உட்காரும். அலகைத் திறக்கும்போது பிடியைச் சுற்றியிருக்கும் விரல்கள் கிளிப்பை அழுத்தும், கிளிப் பட்டையை அழுத்தும், பட்டை அலகை அழுத்தும். கட்டைவிரல் எவ்வளவு தள்ளினாலும் அலகு கனமாகவே நகரும். புதிதாக வாங்கியவர்கள் “இவ்வளவு விலை கொடுத்தும் திறக்கக் கஷ்டமாக இருக்கிறதே” என்று புலம்புவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். கத்தி நன்றாகத்தான் இருக்கும், விரல் தப்பான இடத்தில் இருக்கும். நானும் விரல்களை ஒதுக்கிப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதே மறந்துவிட்டது. 31-இல் கிளிப்பைச் சற்றே சாய்த்து, நுனி பட்டையைத் தொடாமல் பிடியின் அசையாத பகுதியில் உட்காரும்படி செய்துவிட்டார்கள். முதல் நாள் திறந்தபோதுதான், இத்தனை வருடம் விரல்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன் என்பதே புரிந்தது. ஒரு சின்னத் தகட்டைச் சில டிகிரி திருப்பியதற்கு இவ்வளவு பலன்! விளம்பரத்தில் சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்பதால்தான் யாரும் பேசுவதில்லை போல.

எஃகு விஷயம் தனி. 31 வந்தது எஸ்35விஎன் எஃகில், பிறகு எஸ்45விஎன், அதற்குப் பிறகு மேக்னாகட். மேக்னாகட் 2021-இல் வெளிவந்தது, உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்தது. எஃகுக்குள் கார்பனோடு சேர்ந்து உண்டாகும் கடினத் துகள்கள்தான் கார்பைடுகள்; அவற்றில் பெரிய பருக்கைகளாக உருவாகும் குரோமியம் கார்பைடுகளைத் தவிர்த்து, பொடிப்பொடியான வனேடியம், நியோபியம் கார்பைடுகளை மட்டும் வைத்திருப்பது இதன் சூட்சுமம். குரோமியம், கார்பைடில் சிக்காமல் எஃகிலேயே கரைந்து நிற்பதால், அதன் அளவு குறைவாக இருந்தும் துருவை நன்றாகத் தடுக்கிறது, விளிம்பும் சுலபத்தில் உடையாது. நிஜமான முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் அது 31-இன் வடிவமைப்பில் சேராது. 31 வாங்கிய எல்லாரிடமும் மேக்னாகட் இருக்காது, பழையது வாங்குவதானால் எந்த எஃகு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியும் காய்கறியும் மட்டும் வெட்டுகிறவருக்கு, எஃகின் பெயரைவிட விளிம்பை எவ்வளவு மெல்லியதாகச் சாணை பிடித்திருக்கிறது என்பதுதான் தெரியும்.

தோற்றத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பிடித்தால் பிடிக்கும்.

மாறாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அலகு சுழலும் அச்சில் துல்லியமாகக் கடைந்த ஒரு புஷ் (அச்சைச் சுற்றி நிற்கும் சின்னக் குழாய்), இரண்டு பக்கமும் பாஸ்பர் வெண்கல வாஷர். திருகை இறுக முடுக்கிவிடலாம், அலகு ஆடாமலும் இறுகாமலும் நிற்கும். மற்ற கத்திகளில் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று தேடிக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. கழற்றித் துடைத்து மாட்டினால் பழையபடி. செபென்சாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று நினைக்கிறேன், அது 21-இலும் இருக்கிறது, 31-இலும் இருக்கிறது.

21 கையில் இருந்தால் விற்றுவிட்டு 31 வாங்காதீர்கள். முதல் தடவை வாங்குகிறீர்கள் என்றால் 31. இரண்டும் மேசையில் இருக்கும்போது என் கை 31-ஐத்தான் எடுக்கிறது, அந்தக் கிளிப்புக்காக.